ஆள் இறங்கியாச்சு

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. கடவுளோடு கூட எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரைதான் பழக்கம், அதிலும் பிரசங்கம் ஆரம்பித்துவிட்டால் பாதி நேரம் கண் சொக்கிவிடும். ஆவிக் கதைகளை நிறையப் படித்தவன் என்பதால் எந்தப் பக்கத்தில் நாய் ஊளையிடும், எந்தப் பக்கத்தில் கரண்ட் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். யாராவது "என் கண்ணால பார்த்தேன் சார்" என்று ஆரம்பித்தால், அவர் மனசு நோகாதபடி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு கேட்பேன். இப்போது நீங்கள் வைத்துக்கொண்டிருக்கிறீர்களே, அதே முகம்தான். பரவாயில்லை, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று, இதில் நாய் கிடையாது, சுடுகாடு கிடையாது, ராத்திரியே கிடையாது. நடந்தது சாயங்காலம் நாலு மணிக்கு, கேன்டீனில் வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த நேரம்.

நான் அப்போது ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் செலக்‌ஷன் மேசையில் இருந்தேன். ஊரில் தோல் பதனிடும் டேனரியைத் தோல் ஷாப் என்றுதான் சொல்வோம். பதப்படுத்தி வருகிற தோலைத் தடவிப் பார்த்து, இது முதல் தரம், இது மூன்றாம் தரம், இது எதற்கும் ஆகாது என்று பிரிப்பது என் வேலை. இருபது வருஷம் அடுத்தவன் தோலைத் தடவியே சம்பாதித்தேன். மிச்ச நேரத்தில் வாரப் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைத் துணுக்குகள் எழுதினேன். அவற்றைப் படித்து என் வீட்டில் யாரும் சிரித்ததில்லை என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, எங்கள் முதலாளிக்குத் திடீரென்று ஏலகிரி மலைமேல் ஒரு ஆசை வந்தது. தோல் ஏற்றுமதி முன்னைப் போல இல்லை, இனிமேல் மனிதர்கள் மலைக்கு வந்து பயப்படுவதற்குப் பணம் கொடுப்பார்கள் என்று அவருடைய வெளிநாட்டு நண்பர் யாரோ சொல்லியிருக்கிறார். உடனே ஒரு தோப்பை வாங்கி, மரத்துக்கு மரம் பலகைப் பாலம், கயிற்று வலை, கடைசியில் ஒரு பள்ளத்தாக்குக்கு மேலே இந்த மரத்திலிருந்து அந்த மரத்துக்கு ஒரே ஒரு இரும்புக் கம்பி என்று கட்டிவிட்டார். ஜிப் லைன். இடுப்பில் பெல்ட்டு மாட்டி, அந்தப் பெல்ட்டைக் கம்பியில் ஓடுகிற ஒரு கப்பியில் கொக்கி போட்டு, பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளுவார்கள். அப்புறம் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும்.

திறப்பு விழாவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஸ்டாஃப் குடும்பங்களுக்கு மட்டும் இலவசம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். எங்கள் ஷாப்பில் புது கெமிக்கல் வந்தால் நல்ல தோலில் போடமாட்டோம், ஒரு ரிஜெக்ட் தோலில் போட்டுப் பார்ப்போம். நோட்டீஸைப் படித்ததும் எனக்கு அது ஞாபகம் வந்தது. சொன்னேன், யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் பேர் கொடுத்துவிட்டார்கள்.

என் மனைவி கிரேஸ் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவளுக்கு அன்றைக்கு டியூட்டி. நானும் என் மகள் ஜெசியும் போனோம். ஜெசிக்கு அப்போது பதினொரு வயசு. ஒரே பெண். மலைப் பாதையில் பதினாலு கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பழந்தமிழ்ப் பெரியவரின் பெயரை வைத்திருக்கிறார்கள். மூன்றாவது பெரியவரிடமே ஜெசி வாந்தி எடுத்துவிட்டாள். "ஒன்பதாவது ஆள் வள்ளல், அவர்கிட்ட எடுத்திருக்கலாம், கோச்சிக்கமாட்டாரு" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இதைச் சொல்ல வேண்டும். நான் கெட்ட அப்பன் இல்லை. ஆனால் என் மகள் எது சொன்னாலும் நான் ஒரு ஜோக் அடிப்பேன். பள்ளிக்கூடத்தில் யாரோ திட்டினார்கள் என்றாலும் ஜோக், வயிற்று வலி என்றாலும் ஜோக். அது எனக்கு ஒரு கெட்ட பழக்கம், சிலருக்கு மூக்குப் பொடி போல.

அன்றைக்கு முழுக்க நான் கேன்டீனில் ஒளிந்துகொண்டிருந்தேன். எல்லாரும் மரத்துக்கு மரம் குரங்கு மாதிரி தாவிக்கொண்டிருக்க, நான் ஒரு பழைய தினசரியை விளம்பரம் விடாமல் படித்தேன். மூன்றரை மணிக்கு ஜெசி வந்து கையைப் பிடித்து இழுத்தாள். "எல்லாரும் போய்ட்டு வந்துட்டாங்கப்பா. நீங்களும் நானும்தான் பாக்கி. நீங்க வந்தாதான் நான் போவேன்." ஐந்து மணிக்கு பஸ் கிளம்பும். இன்னும் ஒன்றரை மணி நேரம் தாக்குப்பிடித்திருக்கலாம். முகத்தைப் பார்த்தேன், எழுந்துவிட்டேன்.

கம்பியின் மேல் முனையில், மரத்தைச் சுற்றிக் கட்டிய மேடையில் மஸ்தான் நின்றிருந்தான். மஸ்தானும் கீழ் முனையில் இருந்த ஏழுமலையும் எங்கள் ஷாப்பில் டிரம் ஓட்டியவர்கள். தோலைப் போட்டுச் சுழற்றுகிற மர டிரம் வீடு உயரத்துக்கு இருக்கும். மேலே பரணில் ஒருவன் நின்று தோல் போடுவான், கீழே ஒருவன் நின்று இறக்குவான். ஒருவனுக்கு ஒருவன் தெரியாது, சத்தத்தில் பேச்சும் கேட்காது. அதனால் இரும்புக் குழாயில் தட்டித்தான் பேசிக்கொள்வார்கள். ஒரு தட்டு என்றால் நிறுத்து. மூன்று தட்டு என்றால் காலி, அடுத்ததைப் போடு. முதலாளி இவர்கள் இரண்டு பேரையும் மலைக்கு மாற்றி, வாக்கி டாக்கி வாங்கிக் கொடுத்தும், இவர்கள் அதைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, கம்பியிலேயே இரும்புத் தடியால் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கீழே ஆள் இறங்கியதும் ஏழுமலை மூன்று தட்டு தட்டுவான். கம்பி வழியாக அது மேலே வரும். மஸ்தான் அடுத்த ஆளைத் தள்ளுவான். காலையிலிருந்து அறுபது எழுபது பேர் அப்படித்தான் போயிருக்கிறார்கள், ஒரு தப்பும் நடக்கவில்லை.

"வாங்க சார், வாங்க. இன்னா சார், கேன்டீன்லயே குடித்தனம் பண்ணிட்டீங்க" என்றான் மஸ்தான்.

"அங்க தரை இருக்குது மஸ்தான்."

"பயமா சார்?"

"பயம் இல்லப்பா. மரியாதை."

எடை பார்த்தான். எண்பத்து நாலு. "சூப்பர் வெயிட்டு சார். நீங்க தோட்டா மாதிரி போவீங்க. கம்மி வெயிட்டுதான் பேஜாரு, நடுவுலயே நின்னு போய்டும்." ஜெசியைப் பார்த்தான். அவள் இருபத்தெட்டு. அவளைப் போன்ற சின்ன உருப்படிகளுக்காக ஓரத்தில் உப்பு மூட்டை அடுக்கி வைத்திருந்தான், தோலுக்குப் போடுகிற அதே கல் உப்பு, மழை ஈரத்தில் கசிந்து ஷாப் வாசனை அடித்தது. ஒரு மூட்டையை அவள் பெல்ட்டில் கட்டிவிட்டான். "பாப்பா நீ மொதல்ல போறியா?"

"அப்பா மொதல்ல. நான் பின்னாடியே வரேன்."

அந்த நேரத்தில் பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. ஏலகிரியில் மழைக்காலத்தில் சகஜம். மேடையிலிருந்து முப்பது அடிக்கு அப்பால் கம்பி வெள்ளைக்குள் போய் மறைந்துவிட்டது. நான் அதைச் சுட்டிக்காட்டினேன், ஒத்திப்போட ஒரு கண்ணியமான காரணம் கிடைத்த நம்பிக்கையில். மஸ்தான், "கண்ணு எதுக்கு சார், கம்பிதான் கூட்டிட்டுப் போவுது" என்று முதுகில் கை வைத்தான். வைத்தான் என்றா சொன்னேன்? தள்ளினான்.

கத்தினேன். கத்தவில்லை என்று இத்தனை நாள் சொல்லிவந்தது பொய். காது அடைத்து, கண்ணில் தண்ணீர் வழிந்து, ஒரு கால் ஷூ கழன்று கீழே போனது. அது எங்கள் கம்பெனி ஷூ, ஏற்றுமதியில் கழிந்தது, தரம் எனக்குத் தெரியும், ஆச்சரியமில்லை. தோட்டா மாதிரி போனேன். ஒரு ஏழெட்டு எண்ணுவதற்குள் வேகம் குறைந்தது. குறைந்தது என்றால் மெல்லக் குறையவில்லை, யாரோ பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாற்போல. நின்றுவிட்டேன்.

நடுவில். சுற்றிலும் வெள்ளை. முன்னால் மேடை இல்லை, பின்னால் மேடை இல்லை, கீழே எத்தனை அடி என்று தெரியவில்லை. தெரியாததே நல்லது என்று நினைத்தேன். தலைக்கு மேல் ஒரு முழம் கம்பி இந்தப் பக்கம், ஒரு முழம் அந்தப் பக்கம், அவ்வளவுதான் உலகம். எண்பத்து நாலு கிலோ நடுவில் நிற்காது என்று மஸ்தான் சொன்னது ஞாபகம் வந்தது. சரி, காற்று எதிரே அடிக்கிறது, அல்லது கப்பி இறுகிவிட்டது, ஏழுமலை பார்த்துக்கொண்டிருப்பான், ஆள் வரவில்லையே என்று கயிறு கட்டிக்கொண்டு வந்து இழுப்பான் என்று தொங்கிக்கொண்டிருந்தேன். அதுவரைக்கும் எனக்குப் பயமில்லை, வெட்கம்தான். இதை எப்படித் துணுக்காக எழுதலாம் என்றுகூட யோசித்தேன், நம்பினால் நம்புங்கள்.

அப்போதுதான் தட்டினார்கள்.

டங். டங். டங்.

காதில் கேட்கவில்லை, கம்பியிலிருந்து கப்பிக்கு, கப்பியிலிருந்து கொக்கிக்கு, கொக்கியிலிருந்து என் இடுப்பெலும்புக்கு வந்தது. முன்னாலிருந்து, ஏழுமலை பக்கத்திலிருந்து. மூன்று. என்னைத் தாண்டி மேலே போனது. இருபது வருஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டவன் நான். ஆள் இறங்கியாச்சு. காலி. அடுத்ததைப் போடு.

யார் இறங்கியது? நான் இங்கே இருக்கிறேனே?

அடுத்தது யார் என்பது ஒரு நொடி கழித்துதான் உறைத்தது.

இருபத்தெட்டு கிலோ குழந்தை, மேலே இருபது கிலோ உப்பு, அந்த வேகத்தில் வந்து நின்றுகொண்டிருக்கிற என்மேல் மோதினால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு வாத்தியார் தேவையில்லை. "மஸ்தான், அனுப்பாத! அனுப்பாத!" என்று கத்தினேன். மூட்டம் குரலைத் தின்றுவிட்டது. என் குரல் என் முகத்துக்கு முன்னாலேயே நின்றது. அப்புறம் இடுப்பில் மாட்டியிருந்த உபரிக் கொக்கியைப் பிடுங்கிக் கம்பியில் தட்டினேன். ஒரு தட்டு. நிறுத்து என்றால் ஒரே ஒரு தட்டு, அது எனக்குத் தெரியும், எங்கள் ஷாப்பில் பெருக்குகிறவருக்குக்கூடத் தெரியும். ஆனால் ஒரு தட்டு தட்டிவிட்டுச் சும்மா இருக்க எந்த அப்பனால் முடியும்? நான் தட்டினேன், தட்டினேன், கோயில் மணிக்காரன் மாதிரி விடாமல் தட்டினேன். மேலே மஸ்தானுக்கு அது மூன்று, மறுபடி மூன்று, மறுபடி மூன்று என்று போயிருக்கிறது. சீக்கிரம் போடு, சீக்கிரம் போடு என்று. என் கையாலேயே என் மகளைக் கூப்பிட்டேன்.

கம்பி ஒரு தரம் தாழ்ந்து எழும்பியது. ஆள் மாட்டியாகிவிட்டது.

கப்பிச் சத்தம் ஆரம்பித்தது. முதலில் தூரத்தில் வண்டு மாதிரி, அப்புறம் தையல் மெஷின் மாதிரி. அதற்குமேல் ஜெசியின் குரல். சந்தோஷமாகக் கத்திக்கொண்டு வருகிறாள், "அப்பாாா" என்று. நான் பின்பக்கம் திரும்ப முயன்றேன், உடம்பு திரும்பவில்லை, திரும்பினால் சுழன்று மறுபடி பழைய பக்கமே வருகிறது. கொக்கியைக் கழற்றிவிட்டுக் கீழே விழுந்துவிடலாம், கம்பி காலியாகிவிடும் என்று நினைத்தேன். உண்மையாகவே கையை வைத்தேன். எண்பத்து நாலு கிலோ தொங்குகிற கொக்கியை யாராலும் கழற்ற முடியாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசியில், இதுதான் நான் செய்த காரியம், முழங்காலை மடக்கி வயிற்றோடு வைத்துக்கொண்டு, என் முதுகு மெத்தையாக இருக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையின் ஒரே முக்கியமான நொடியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தவன் நான்.

சத்தம் வந்தது. கிட்டே வந்தது. தலைக்கு மேலே வந்தது. என் கப்பி ஒரு முறை தூக்கி இறங்கியது, ரயில் சக்கரம் தண்டவாள இணைப்பைத் தாண்டுவது போல, தடக். ஈர உப்பு வாசனை முகத்தில் அடித்தது. அப்புறம் சத்தம் எனக்கு முன்னால் இருந்தது.

முன்னால். "அப்பாாா" என்பது எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது, தேய்ந்துகொண்டே. கண்ணைத் திறந்தேன். வெள்ளை. கம்பி ஒன்றுதான். என் கப்பி அதில்தான் இருக்கிறது. அவள் கப்பியும் அதில்தான் வந்தது. எப்படி?

டங். டங். டங்.

ஆள் இறங்கியாச்சு.

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் தொங்கினேன் என்று சரியாகத் தெரியாது, அரை மணி இருக்கலாம். கால் மரத்துப்போய் என்னுடையதா என்று சந்தேகம் வந்துவிட்டது. யாரும் தேடவில்லை. ஏன் தேட வேண்டும்? மேலே கணக்குப்படி இரண்டு பேரை அனுப்பியாகிவிட்டது, கீழே கணக்குப்படி இரண்டு பேர் இறங்கியாகிவிட்டது. உலகத்தில் நான் ஒருவன்தான் என்னைக் காணவில்லை என்று தெரிந்தவன். கத்திப் பார்த்தேன், ஜெபம் செய்து பார்த்தேன், ஜெபத்தில் பாதி வரி மறந்துபோயிருந்தது.

மூடிவிட்டுப் போகலாம் என்று மஸ்தான் கம்பிக்கு கிரீஸ் துணி போடக் கையை வைத்திருக்கிறான். டிரம்மில் சரக்கு இருக்கிறதா காலியா என்று உள்ளங்கையை வைத்துச் சொல்கிற ஆள் அவன். கம்பி பாரமாக இருந்திருக்கிறது. கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தானாம். அப்புறம் ஒரே ஒரு தட்டு தட்டினான். நானும் ஒரே ஒரு தட்டு திருப்பித் தட்டினேன், இந்த முறை ஒழுங்காக.

கயிறு கட்டிக்கொண்டு கம்பியில் கை மாற்றி மாற்றி வந்தது ஏழுமலை. மூட்டத்திலிருந்து அவன் முகம் வெளியே வந்தது, என்னைப் பார்த்தது, அப்படியே நின்றுவிட்டது. கிட்டே வரமாட்டேன் என்கிறான்.

"யாரு?" என்றான்.

"யாருன்னா? நான்தான்யா ஏழுமலை. செலக்‌ஷன் சார்."

"செலக்‌ஷன் சாரு எறங்கிப் போய்ட்டாரு."

"எங்கய்யா போனேன்?"

"நான்தான் சார் கழட்டி உட்டேன். இந்தக் கையால கொக்கிய கழட்டினேன். பெல்ட்ட குடுங்க சார்னேன், குடுக்கல, அப்டியே போட்டுக்கினு நின்னீங்க. பாப்பா வந்துச்சு, கைய புடிச்சிக்கினு கெளம்பிட்டீங்க. சார் பெல்ட்டு பெல்ட்டுன்னு கூப்ட்டேன், திரும்பியே பாக்கல."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒரு கம்பியில் தொங்கிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் அவன், "ஏசு பேரச் சொல்லுங்க சார்" என்றான். அவன் இந்து. அந்த நேரத்தில் என் வகைக்கு எது செல்லுபடி என்று யோசித்திருக்கிறான். சொன்னேன். நாலு தரம் சொல்ல வைத்தான். அதற்கப்புறம்தான் கயிறு கட்டினான்.

இறங்கினதும் ஓடினேன். மரத்த காலோடு, ஒரு ஷூவோடு ஓடுவதை ஓட்டம் என்று சொன்னால். கீழ் மேடையிலிருந்து கேன்டீனுக்குப் பலா மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, நடந்தால் கால் மணி. வழியெல்லாம் ஈர மண்ணில் ஜெசியின் செருப்புத் தடம் இருந்தது. இன்னொரு தடம் இருந்ததா என்று கேட்பீர்கள். நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றால், இல்லை என்று அர்த்தமில்லை. பார்ப்பதற்குத் தைரியம் வரவில்லை, அவள் தடத்தை மட்டும் பார்த்துக்கொண்டே ஓடினேன்.

ஜெசி கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தாள். முழுசாக. ஒரு கீறல் இல்லை. கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவளுக்கு ஆச்சரியம்.

"இன்னாப்பா இது, சட்டையெல்லாம் இப்டி நனைஞ்சிருக்குது? கை கழுவப் போறேன்னுதான போனீங்க? ஒரு ஷூ எங்கப்பா?"

"ஜெசி, யார் கூட வந்த?"

சிரித்தாள். நான் வழக்கம்போல ஏதோ ஜோக் ஆரம்பிக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். அப்புறம் என் ஈரக் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள். "தேங்ஸ்ப்பா. நான் சொன்னத அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, இன்னா? நீங்க அவ்ளோ நேரம் பேசாம கேட்டதே இல்லப்பா."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அது நான் இல்லை ஜெசி, நான் மேலே தொங்கிக்கொண்டிருந்தேன் என்று. வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். பதினொரு வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. "சொல்லமாட்டேன்" என்றேன்.

அவ்வளவுதான். பஸ் ஏறிவிட்டோம். என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தாள், ஒரு பெரியவருக்கும் தொந்தரவு கொடுக்கவில்லை. நான் தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஆம்பூர் வரைக்கும் பக்கத்தில் இருக்கிறவர்கள் முகத்தையெல்லாம் ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.

கிரேஸிடம் அன்று இரவே எல்லாம் சொன்னேன், ஜெசி சொன்ன அந்த ஒன்றைத் தவிர. அவள் என் கண் இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தாள். நாடி பிடித்தாள். "தலைகீழா தொங்குனீங்களா?" "இல்ல, நேராத்தான்." "அப்ப பிபி. நாளைக்கு ஓபிக்கு வாங்க" என்று படுத்துவிட்டாள். நர்ஸைக் கல்யாணம் செய்துகொண்டவனுக்கு அமானுஷ்யம் என்பது அனுமதியில்லாத சொகுசு.

நானும் சும்மா இருக்கவில்லை. மறு வாரமே தனியாகப் போய்ப் பள்ளத்தில் இறங்கி, கழுத்து வலிக்க அண்ணாந்து கம்பியை எண்ணினேன். ஒன்று. மறுபடி எண்ணினேன், ஒன்றை எத்தனை முறை எண்ண முடியுமோ அத்தனை முறை. ஏழுமலை தூக்கக் கலக்கத்தில் தட்டியிருக்கலாம், ஜெசி தனியாக நடந்து வந்துவிட்டுக் கற்பனை செய்திருக்கலாம், எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அந்தத் தடக்குக்கு மட்டும் இல்லை. மஸ்தான் அங்கேயே இருந்தான், அதற்கப்புறம் வாக்கி டாக்கியில்தான் பேசினான். ஏழுமலை அந்த மாதமே கணக்கு முடித்துக்கொண்டு குடியாத்தம் பக்கம் லுங்கி தறிக்குப் போய்விட்டான். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தான். கிட்டே வராமல் தூரத்திலிருந்தே, "சார், நீங்க எந்த சாரு?" என்று கேட்டுவிட்டுக் கூட்டத்தில் போய்விட்டான். ஜோக்காகத்தான் கேட்டான் என்று வைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு ஜெசி மாறிவிட்டாள். என்னிடம் வந்து உட்காருவாள், சொல்வாள், கேட்பாள். பத்தாவதில் மார்க் குறைந்தபோது, காலேஜில் ஒரு சிநேகிதி செத்துப்போனபோது, "நீங்க அன்னைக்கு சொன்னீங்களேப்பா, அதையே நெனச்சிக்கிட்டேன்" என்பாள். என்ன சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. தலையை ஆட்டுவேன். கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், ஒரு வரிதான், "நான் என்ன சொன்னேன், மறந்துட்டேன்" என்று. அதையும் இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். "மறக்கற விஷயமாப்பா அது" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். நேராக உண்மையைச் சொல்லலாம். சொன்னால், அவள் அன்றைக்கு யாரோடு கால் மணி நேரம் காட்டுக்குள் கை கோத்து நடந்தாள், யாரிடம் தன் மனசில் இருந்ததையெல்லாம் கொட்டினாள் என்று அவள் நினைக்க ஆரம்பிப்பாள். அது அவளுக்காக என்று சொல்லிக்கொள்கிறேன். எனக்காகவும்தான். என் மகள் என்மேல் வைத்திருக்கிற பிரியம் முழுக்க அந்தக் கால் மணி நேரத்தில் தொடங்கியது. அதில் நான் இல்லை.

இப்போது அவள் நெமிலி பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். நான் எழுதுவதைப் படிப்பதில்லை, அந்த விஷயத்தில் அம்மா பிள்ளை.

போன மாதம் ஒரு சாயங்காலம் போன் செய்தாள். சாப்பிட்டீர்களா, அம்மா டியூட்டியா என்றெல்லாம் கேட்டாள்.

"அப்பா, அன்னைக்கு மலையில என்கிட்ட ஒண்ணு கேட்டீங்க இல்ல. இப்ப சொல்லவேணாம், பெரியவளானதும் யோசிச்சு சொன்னா போதும்னீங்களே."

என் வாயில் ஜோக் எதுவும் இல்லை. போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு வாரமா தூங்காம யோசிச்சேன்பா. சரிப்பா. நான் சம்மதிக்கிறேன்."

ஜெசி, எதுக்கும்மா, என்று கேட்க வேண்டும். கேட்டால், அன்றைக்கு மலையில் கேட்டது நான் இல்லை என்று ஆகிவிடும். கேட்காவிட்டால்? நாக்கு அந்தக் கம்பியில் தொங்கிய கால் மாதிரி மரத்துக் கிடந்தது. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள், பிறகு நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டாள். "எனக்குத் தெரியும்பா, நீங்க ஒண்ணும் சொல்லமாட்டீங்கன்னு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.